ஆறாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்சி. வரை இயற்பியல் நடத்திப் பார்த்ததில் (நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளவும்)

செக்காலை வாத்தியார்:
முனைவர் பட்டம் வாங்கியது திண்மநிலை இயற்பியலில். வயிற்றுப்பாட்டுக்கு நடத்தியதோ எல்லாவற்றையும். கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., எம்.எஸ்சி., அப்புறம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு, நடுவில் கொஞ்ச காலம் நீட் வகுப்பு, இப்போது ஓய்வுக்குப் பிறகு ஞாயிறு மாலைகளில் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் நூலகத்தில் ஆறாவது ஏழாவது படிக்கிற வாண்டுகளுக்கு வானியல். இப்படி ஏறி இறங்கியதில் எனக்குத் தெளிவானது ஒன்று. பிள்ளைகள் செய்கிற தவறு எல்லா வகுப்பிலும் அதே தவறுதான். மேலே போகப்போக அதை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கத்திரி வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது? ஆறாவது சொல்வது: "சூரியன் கிட்ட வருது சார்." பன்னிரண்டாவது: "பூமியின் பாதை நீள்வட்டம், அதனால் தூரம் குறைகிறது." எம்.எஸ்சி. மாணவர் கெப்ளரைக் கூப்பிட்டு, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதம் என்று கரும்பலகையில் எழுதி, அழகாக அடிக்கோடும் போடுவார். விடை மூன்றிலும் ஒன்றே, மூன்றும் தப்பு. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், 15.2 கோடி கி.மீ. மார்கழியில் நாம் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதுதான் சூரியன் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகள் மக்கு என்று யாரும் கிளம்ப வேண்டாம். 1987இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் ஹார்வர்டில் பட்டமளிப்பு விழா அன்றே இதைக் கேட்டார்கள். அங்கியோடு நின்றவர்களில் பெரும்பாலோர் சொன்னதும் இதே பதில்தான்.

உங்கள் வகுப்புகளில் எப்படி? பள்ளி, கல்லூரி, டியூஷன், எல்லாரும் சொல்லுங்கள்.

ஒன்பதாவது_பீரியட் (அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை):
சார், தவறு ஒன்றே என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள். எங்களுக்கு ஒரு பீரியட் நாற்பது நிமிடம், அதில் வருகைப் பதிவு, போன வாரப் பரீட்சைத் தாள், நோட்டுத் திருத்தம் எல்லாம் போக இருபது நிமிடம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். ப்ராக்டிகலுக்கு ஒரு திருகு அளவியை நாலு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தனி ஊசல் செய்யச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் முதலில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று ரெக்கார்டில் கடைசி வரியை எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை நிரப்புகிறார்கள். திட்டலாம்தான். ஆனால் 9.4 என்று நேர்மையாக எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைத்தது யார்? நாம்தானே.

செக்காலை வாத்தியார்:
டீச்சர், அந்த வித்தை எம்.எஸ்சி. வரை தொடர்கிறது, இன்னும் நேர்த்தியாக. கடைசி இரண்டு தசம இலக்கத்தில் கொஞ்சம் 'பிழை' வைத்து எழுதுவார்கள், நம்பும்படி இருக்க வேண்டுமே.

ஊசல் என்றதும் நூலகத்து வாண்டுகளோடு செய்ததைச் சொல்கிறேன். ரெக்கார்டும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. பக்கத்தில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு, உள்ளே பெரிய மரப்பலகை ஊஞ்சல், மேல் உத்தரத்திலிருந்து இரும்புச் சங்கிலி எப்படியும் இரண்டரை மீட்டர் இருக்கும். வீட்டு ஆச்சியிடம் அனுமதி கேட்டோம். முதலில் பந்தயம்: குட்டிப் பையன் உட்கார்ந்தால் வேகமாக ஆடுமா, ஆச்சி உட்கார்ந்தால் வேகமாக ஆடுமா? எல்லாரும் ஆச்சி பக்கம், "வெயிட்டு இருக்குல்ல". செல்போனில் நேரம் பார்த்தோம். பத்து ஆட்டத்துக்கு முப்பது வினாடி சொச்சம். ஆச்சி உட்கார்ந்தாலும் ஏறக்குறைய அதேதான். ஒருத்தனுக்கும் நம்பிக்கை இல்லை, மறுபடி மறுபடி அளந்தார்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிவிடும், சரி. அப்புறம் ஏழாவது படிக்கிற ஒரு பெண் பலகைமேல் ஏறி நின்று ஆடிவிட்டு, "சார், நின்னு ஆடுனா சீக்கிரம் வருது" என்றாள். அளந்தோம். உண்மைதான், நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைகிறது. எடை மாறவில்லை, சங்கிலியும் மாறவில்லை. நிற்கும்போது உடலின் ஈர்ப்பு மையம் மேலே போய்விடுகிறது, அதனால் ஊசலின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடுகிறது.

இதே கேள்வியை ஒரு முதுகலை மாணவரிடம் கேட்டேன். "நிறையைப் பொறுத்தது அல்ல சார்" என்று சூத்திரத்தைச் சொன்னார். அது நான் கேட்காத கேள்விக்கான பதில்.

நீட்_ஷார்ட்கட்:
வாத்தியார் அண்ணே, உங்கள் பதிவில் 'கொஞ்ச காலம் நீட் வகுப்பு' என்று தாண்டிப் போன இடத்தில்தான் நான் தினமும் நிற்கிறேன். இயற்பியலில் 45 கேள்வி, 180 மதிப்பெண், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. ஷார்ட்கட் சொல்லித்தருகிறேன் என்று நக்கல் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபிறகு, என்னிடம் படித்த வானம்பார்த்த பூமிக்காரர் வீட்டுப் பெண் இன்றைக்கு எம்.பி.பி.எஸ். படிக்கிறாள். அவளுக்குப் பருவகாலம் எதனால் என்று தெரியுமா என்பது எனக்கு முக்கியம் இல்லை, அவளுக்கும் இல்லை.

செக்காலை வாத்தியார்:
தம்பி, அந்தப் பெண் ஜெயித்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், உன் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நீயே ஒரு சோதனை செய்து பார். உன் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவர்களிடம் ஒரு நாணயத்தை மேலே சுண்டிவிட்டு, அது கையை விட்டபிறகு மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்னென்ன விசை இருக்கிறது என்று கேள், படம் வரையச் சொல். கையை விட்டபிறகு இருப்பது கீழ்நோக்கிய ஈர்ப்பு விசை மட்டும்தான். ஆனால் பாதிக்கு மேல் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போடுவார்கள், 'கை கொடுத்த விசை' என்று. உச்சியில் முடுக்கம் பூஜ்யம் என்றும் சிலர் சொல்வார்கள். அதே பிள்ளைகள் அதே நாணயத்தின் உச்ச உயரத்தை இருபது வினாடியில் கணக்குப் போட்டுத் தருவார்கள்!

இதை உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹெஸ்டினஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1992இல் விசை பற்றி ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள், அதில் ஒரு கணக்குக்கூடக் கிடையாது, எல்லாம் இந்த மாதிரி நாணயக் கேள்வி. அதற்கு முன்பே 1985இல் வந்திருந்த அதன் முன்வடிவத்தை, ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் மாணவர்கள் ஊதித் தள்ளுவார்கள் என்று நினைத்துக் கொடுத்துப் பார்த்தார், அவர்களும் திணறினார்கள். அதற்கப்புறம்தான் அவர் வகுப்பில் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, கேள்வி கொடுத்து, பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட்டு முடிவுக்கு வா என்று விட்டுவிடுகிற முறைக்கு மாறினார்.

பள்ளத்தூர் பொறியாளன் (இப்போது பெங்களூரு):
சார், முதலாண்டு இயற்பியலில் லேசர், ஒளியிழை, மீயொலி என்று ஏதோ படித்தோம். தேர்வு முடிந்த மறுநாளே போய்விட்டது. இந்த நாணயக் கேள்விக்கு இப்போது நான் போட்ட அம்புக்குறியும் மேல்நோக்கித்தான் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன் 😅

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நம் காரைக்குடியில் 1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி வந்த நிறுவனம். அதன் மதில் ஓரமாகவே சைக்கிளில் பள்ளிக்குப் போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களிடம் ஒருவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சரி, அது கிடக்கட்டும். வானியல் என்றீர்களே, தொலைநோக்கி எல்லாம் வைத்திருக்கிறீர்களா?

செக்காலை வாத்தியார்:
சின்னது ஒன்று இருக்கிறது தம்பி, ஆனால் அதைக் கடைசியில்தான் எடுப்பேன். தொலைநோக்கி என்றதும் பிள்ளைகள் இணையத்தில் பார்த்த வண்ணப்படம் தெரியும் என்று வருகிறார்கள். 2025 கடைசியில் சனியைக் காட்டினேன், "வளையத்தைக் காணோம், ஏமாத்திட்டீங்க" என்று ஒரே கூச்சல். அந்த ஆண்டு மார்ச்சில்தான் வளையத்தின் விளிம்பு நமக்கு நேராகத் திரும்பியிருந்தது, அதற்கப்புறமும் ரொம்ப நாள் மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. கலிலியோவுக்கும் 1612இல் இப்படியே வளையம் காணாமல் போய், மனிதர் குழம்பிப் போனார் என்று சொன்னபிறகு கொஞ்சம் சமாதானம் ஆனார்கள்.

முதல் பாடம் வெறுங்கண்தான், கருவி அவரவர் கை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. காரைக்குடியின் அட்சரேகையும் 10 டிகிரி. ஆகவே துருவ நட்சத்திரம் வடக்கே தொடுவானத்துக்கு மேல் ஒரே ஒரு முஷ்டி உயரத்தில் இருக்க வேண்டும். ஊருக்குள் நின்றால் வீடும் மரமும் மறைத்துவிடும், கண்மாய்க்கரையில் நின்று பார்த்தோம், இருந்தது, மங்கலாக. சித்திரை வைகாசி இரவுகளில் அப்படியே திரும்பி நின்றால் தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை. வடதுருவ நட்சத்திரத்தையும் தென்சிலுவையையும் ஒரே கரையில் நின்று பார்க்கிற ஊர் நம்முடையது. லண்டன்காரன் தென்சிலுவையைப் பார்க்க விமானம் ஏற வேண்டும், சிட்னிக்காரன் துருவ நட்சத்திரத்துக்கு. இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்ப முஷ்டி எத்தனைன்னு எண்ணுனா எந்த ஊர்ல இருக்கோம்னு கண்டுபிடிக்கலாமா?" என்றான். எம்.எஸ்சி.க்குக் கோள முக்கோணவியல் நடத்தியபோது ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

தேவகோட்டை ஆச்சி:
நான் அறிவியல் படித்தவள் இல்லை. ஆனால் நட்சத்திரம், திதி என்றால் எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கார்த்திகைத் தீபம் கழிந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. சஷ்டியும் சதயமும் கூடுகிற நாள் பார்த்து, மாவுப் பிள்ளையாரில் திரி ஏற்றி இழை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டில் இருந்தாலும் நகரத்தார் விடமாட்டோம், என் மகன் சிங்கப்பூரில் எடுத்துக்கொள்கிறான். அது ஏன் சரியாக 21 என்று எங்கள் அப்பத்தாவைக் கேட்டால் "பெரியவக சொன்னது" என்று முடித்துவிடுவார்கள். உங்கள் வானியலில் அதற்கு ஏதாவது உண்டா தம்பி?

செக்காலை வாத்தியார்:
ஆச்சி, அருமையான கேள்வி. நோன்பின் காரணம் எனக்குத் தெரிந்த துறை இல்லை, ஆனால் அந்த 21இல் வானக் கணக்கு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. இதை நான் பாடமாகவே நடத்துகிறேன்.

தீபத்தன்று நிலா முழுநிலா, கார்த்திகை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அசுவினி முதல் எண்ணினால் கார்த்திகை மூன்றாவது. நிலா நாளுக்குச் சுமார் ஒரு நட்சத்திரம் நகர்கிறது. மூன்றோடு 21 கூட்டினால் 24. இருபத்து நாலாவது நட்சத்திரம் எது? சதயம்! இப்போது திதி. பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்குச் சுமார் 15 நாள், அதற்கப்புறம் ஆறாவது நாள் சஷ்டி. 15ம் 6ம் 21. இரண்டு கணக்கும் ஒரே நாளில் வந்து முட்டுகின்றன.

நூலகத் தரையில் சாக்பீஸால் 27 கட்டம் வட்டமாகப் போட்டோம். நடுவில் ஒருத்தி பூமி, ஒருவன் கட்டம் கட்டமாக நடக்கிற நிலா, இன்னொருவன் வட்டத்துக்கு வெளியே மெதுவாக நகர்கிற சூரியன். நிலா ஒரு சுற்று முடித்து அதே நட்சத்திரத்துக்கு வர 27.3 நாள். ஆனால் அதற்குள் சூரியன் சுமார் இரண்டு கட்டம் தள்ளிப் போயிருப்பான், அவனை மறுபடி எட்டிப் பிடிக்க நிலாவுக்கு இன்னும் இரண்டு நாள் சொச்சம். அதனால்தான் அமாவாசைக்கு அமாவாசை 29.5 நாள். கல்லூரியில் இந்த இரண்டு மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமன்பாட்டில் எழுதிவிட்டு, நிலாவின் கலைகள் பூமியின் நிழலால் வருகின்றன என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே சூரியனாக நடந்தவனுக்கு அந்தக் குழப்பமே வரவில்லை, பூமி எதன்மேலும் நிழல் போடவில்லை என்பதை அவனே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்று. 21 நாளில் நிலா கடப்பது 21க்குக் கொஞ்சம் குறைவான நட்சத்திரம், திதியோ 21க்குக் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, இரண்டும் கூடுகிற நேரம் எது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பகுத்தறிவுப் பாசறை:
இதுதான் எனக்குச் சரிப்படவில்லை. அறிவியல் வகுப்பில் பஞ்சாங்கத்தை நுழைத்தால் அடுத்த வாரம் ராகு காலம் வரும், அதற்கடுத்த வாரம் செவ்வாய் தோஷம் வரும். முனைவர் பட்டம் பெற்ற ஒருவரே இப்படிச் செய்யலாமா?

செக்காலை வாத்தியார்:
நிலா எங்கே இருக்கிறது என்பது கணக்கு. அது அங்கே இருப்பதால் உங்களுக்குப் பெண் அமையுமா என்பது கணக்கு இல்லை. இந்தக் கோட்டை வாண்டுகளுக்கு முதல் நாளே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் அதைத் தாண்டுவதில்லை, பெரியவர்கள்தான் தாண்டுகிறார்கள். சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாசாரி என்று ஒருவர் இருந்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்குப் புரியும்படி நூல் எழுதி இந்திய மொழிகளிலும் வரச் செய்தவர். அதே மனிதர்தான் நேரில் பார்க்கிற வானத்தோடு பஞ்சாங்கம் பொருந்த வேண்டும் என்று வாதாடினார். பஞ்சாங்கத்தை எரிப்பதைவிட அதைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை.

பகுத்தறிவுப் பாசறை:
சரிபார்க்கச் சொல்லுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் கிரகணத்தன்று உங்கள் மாணவர்களின் வீடுகளில் எத்தனை பேர் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

செக்காலை வாத்தியார்:
2019 டிசம்பர் 26 காலை வளையக் கிரகணம் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக நம் பக்கம் வந்ததே, அன்று தெரு காலியாக இருந்தது உண்மைதான். ஆனால் ஓட்டுக்கூரையில் ஓட்டை இருந்த வீடுகளில் கதை மாறியது. ஊசித்துளை வழியாக விழுகிற ஒளிப்பொட்டு சூரியனின் படம்தான். மற்ற நாளில் வட்டமாக விழுவதால் அதை யாரும் கவனிப்பதில்லை. அன்று ஒன்பதரை மணி வாக்கில் பட்டாலைத் தரையில், அந்த ஆத்தங்குடிக் கல்மேல், பொட்டுப் பொட்டாக வளையல்கள் விழுந்தன. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே கிரகணத்தைப் பார்த்தார்கள். ஒரு பாட்டி துணியை எடுத்துத் தரையைத் துடைத்துப் பார்த்தார், கறை என்று நினைத்து. நம் பக்கம் அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21, கேரளமும் தென் தமிழகமும் அதன் பாதையில் இருக்கின்றன. சோறு சாப்பிட்டுவிட்டே பார்க்க ஏற்பாடு செய்வோம்.

ஒன்பதாவது_பீரியட்:
சார், முதல் கேள்விக்கு நீங்கள் முழுப் பதில் சொல்லவே இல்லை. தூரம் இல்லை, பூமியின் அச்சு சாய்ந்திருப்பதுதான் காரணம் என்று நானும் நடத்துகிறேன். ஆனால் என் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "நம்ம ஊர்ல சூரியன் வருசத்துக்கு ரெண்டு தடவை உச்சிக்கு வரும்னா, ரெண்டு தடவை கத்திரி வரணும்ல?" என்றாள். ஒரு வாரம் டைம் கொடு என்று தப்பித்துவிட்டு வந்திருக்கிறேன்.

செக்காலை வாத்தியார்:
அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். உச்சிக்கு வருவது ஏப்ரல் 16 வாக்கில் ஒருமுறை, ஆகஸ்ட் 27 வாக்கில் ஒருமுறை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். இதைப் பெரியவர்களே நம்பமாட்டார்கள், ஜூனில் ஒரு கம்பை நட்டுக் காட்டுங்கள். வெப்பத்துக்கு வருவோம். சித்திரைக்கு முன் மாசி பங்குனியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி, மழை இல்லை, கண்மாய் வற்றி மண் காய்ந்து கிடக்கிறது. விழுகிற வெயில் முழுக்கச் சூடாக மாறி நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகிறது, அதனால்தான் உச்சி ஏப்ரலில் என்றாலும் கொதிப்பு மே மாதத்தில். ஆகஸ்ட் வரும்போது தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம், சாயங்கால இடிமழை, மண்ணில் ஈரம். வெயிலில் ஒரு பங்கை மேகம் திருப்பி அனுப்பிவிடுகிறது, ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக்குவதில் போய்விடுகிறது. நம் ஊர் ஆகஸ்ட் ஒன்றும் ஊட்டி இல்லை, ஆனால் கத்திரி ஆவதில்லை. சாய்வு மட்டும் என்று பாடப்புத்தகம் சொல்வது லண்டனுக்குப் பொருந்துகிற அளவு நமக்குப் பொருந்தாது. இங்கே மேகமும் ஈரமும் பாதிக் கதையைச் சொல்கின்றன.

நீட்_ஷார்ட்கட்:
நாணயம் கேட்டேன் அண்ணே. முதல் வரிசையில் ஐந்து பேரில் நாலு பேர் மேல்நோக்கி அம்பு போட்டார்கள். கடுப்பாகிவிட்டது. வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன், அதற்கு மேல் என் முதலாளி விடமாட்டார். இதற்காக ஷார்ட்கட்டை விடப்போவதில்லை.

செக்காலை வாத்தியார்:
பத்து நிமிடம் தாராளம். ஷார்ட்கட்டை விடச் சொல்லவும் இல்லை.

ஒன்பதாவது_பீரியட்:
சார், ஏப்ரல் 16 நிழலில்லா நாளைப் பள்ளியில் செய்யலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளை வெளியே விடட்டுமா? மேகம் வந்துவிட்டால் என்ன செய்வது?

செக்காலை வாத்தியார்:
பன்னிரண்டுக்கு இல்லை டீச்சர், 12.15க்கு. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, காரைக்குடி 78.8 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு நாலு நிமிடம், ஆக கால் மணி நேரம் தாமதம். 12 மணிக்கே கூட்டிவந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், நிழல் குறுகிக்கொண்டே வருவது தெரியும். கம்பு செங்குத்தாக இருக்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், சொதப்புவது அதில்தான். மேகம் வந்தால் மறுநாள் செய்யலாம், ஒரு மீட்டர் கம்புக்கு அரை சென்டிமீட்டர் சொச்சம்தான் நிழல் இருக்கும். அந்த அரை சென்டிமீட்டரையும் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். யாரும் பூஜ்யம் என்று நிரப்ப வேண்டாம்.